சாய்ந்த எழுத்தில் பதினொரு ஆட்சேபங்கள்

வீர்ட்சம், ஃப்ரீஸ்லாந்து
1669 ஜனவரி 3

அன்புள்ள ஹிஸ்கா அக்காவுக்கு,

பதினேழு நாள் ஜெபத்துக்கும் மூன்று நாள் அரை உபவாசத்துக்கும் பிறகு, இன்று காலை ஆராதனை மணி அடிப்பதற்குச் சற்று முன் இறுதி முடிவுக்கு வந்துவிட்டேன். ஆட்சேபங்கள் சாய்ந்த எழுத்தில் இருக்கும். பதில்கள் நிமிர்ந்த எழுத்தில் இருக்கும்.

இதன் முக்கியத்துவம் உனக்கு உடனே விளங்காமல் போகலாம். பொய் சாய்ந்தது, உண்மை நிமிர்ந்தது. வாசகன் ஒரு வார்த்தை படிக்கும் முன்னரே, தான் யார் வீட்டில் நிற்கிறான் என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும். எங்கள் சபை மூப்பர் ரொம்மர்ட்டிடம் இதை விளக்கினேன். முப்பது பசு வைத்திருப்பவர்.

"படிக்கத் தெரியாதவனுக்கு எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டார்.

"அவனுக்கு ஆட்சேபமே எழாதே" என்றேன்.

"அப்போ யாருக்காக எழுதறீங்க?" என்றார். பசு வைத்திருப்பவர்களிடம் தத்துவம் பேசியது என் தவறு.

நூலின் பெயர் 'விசுவாசத்தின் கோட்டை'. இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் முக்கோணக் கணக்குப்போல நிரூபித்துக் காட்டச் சொல்கிறார்கள். நம் போதகர்கள் எழுதும் மறுப்பு நூல்களோ எதிரியை நோஞ்சானாக வரைந்து, பிறகு அவனை வீழ்த்திவிட்டு மூச்சு வாங்குகின்றன. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. எதிரியின் வாதத்தை எதிரியைவிட நன்றாகச் சொல்வேன். அதன் பிறகுதான் வீழ்த்துவேன்.

பதினொரு ஆட்சேபங்களும் இத்துடன் வருகின்றன. பதில்கள் என் மனத்தில் முழுமையாக இருக்கின்றன, எழுதுவது மட்டுமே பாக்கி. எங்கள் வட்டாரப் போதகர் கூட்டம் அச்சுக்கு ஒப்புதல் தந்துவிட்டது. ஆட்சேபங்களைப் படித்த இரண்டு போதகர்களும், இவை இவ்வளவு பலமாக இருப்பதால் பதில்களும் அதே பலத்தோடு இருக்கும் என்று அனுமானித்துக் கையெழுத்திட்டார்கள்.

அச்சிடுவது உன் அச்சகத்தின் பொறுப்பு.

உன் தம்பி
ஹெஸ்ஸல், போதகர்


லெய்டன்
1669 பிப்ரவரி 2

தம்பி,

உன் கடிதத்தில் ஜனவரி 3 என்று இருக்கிறது. எங்களுக்கு அது 13. போப்பாண்டவர் திருத்திய பஞ்சாங்கம் என்பதற்காக உங்கள் மாகாணம் இன்னும் பத்து நாள் பின்னாலேயே நிற்கிறது. சூரியன் எந்தக் கட்சி என்று உங்கள் மூப்பரைக் கேட்டுச் சொல்.

உன் முடிவு எனக்கு இரண்டு வார வேலை வைத்துவிட்டது. சாய்ந்த எழுத்தை ஒரு சொல்லுக்கு, ஒரு தலைப்புக்குப் பயன்படுத்துவார்கள். முழு ஆட்சேபங்களையும் அதில் கோக்க நம் பெட்டியில் அவ்வளவு ஈய எழுத்து இல்லை. பக்கத்துத் தெரு அச்சகக்காரர் தெ ஹாஸ் தம்முடையதை ஆறு வாரத்துக்கு இரவல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு வாரம் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஆட்சேபம், பதில், ஆட்சேபம், பதில் என்று மாறிமாறிக் கோக்க வழியில்லை. சாய்ந்தது எல்லாவற்றையும் சேர்த்து முதற்பாகமாக முடித்து அச்சிட்டுவிடுகிறேன். நிமிர்ந்தது நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. நீ அனுப்பியதும் இரண்டாம் பாகம்.

என் கணவன் யோரிஸ் காலத்திலிருந்து நம் கடையில் எழுத்துக் கோக்கும் கெர்பிராண்டுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "பொய்யனுக்கே இவ்வளவு பாயை விரிச்சுட்டா, நியாயஸ்தன் வந்து எங்கம்மா படுப்பான்?" என்கிறார். கோத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கால்வாய் உறைந்துவிட்டது. பிள்ளைகள் காலையிலிருந்து சறுக்குகிறார்கள். லீஸ்பெத்தின் சறுக்குக் கட்டைகள் கடைக் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்குகின்றன. அவள் போய் இது மூன்றாவது குளிர்காலம். எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கெர்பிராண்ட் கேட்டார், வேண்டாம் என்றேன். புதைகுழி அருகே என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அக்கா, அவளை நீ பார்ப்பே. அவளும் உன்னைக் கண்டுக்குவா." பிரசங்கமாக அல்ல, தம்பியாகச் சொன்னாய். கணவன் போனபோது எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மகள் போன பிறகு, அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் தினமும் கடையைத் திறக்கிறேன்.

பதில்களைச் சீக்கிரம் அனுப்பு.

ஹிஸ்கா


லெய்டன்
1669 மார்ச் 10

தம்பி,

முதற்பாகத்துக்கு மெய்ப்புப் பார்த்து முடித்துவிட்டோம். தெ ஹாஸின் எழுத்துகளைக் கழுவி எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இங்கே மெய்ப்புப் பார்ப்பது எப்படி என்று நீ பார்த்ததில்லை. நான் உன் கைப்பிரதியை உரக்கப் படிப்பேன். கெர்பிராண்ட் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். நிறுத்தக்குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அர்த்தத்தில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்பதால் அர்த்தத்தைக் கவனிக்கக் கூடாது என்பது யோரிஸ் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். ஆறு ஆட்சேபம் வரை அப்படியே படித்தேன்.

ஏழாவதை இப்படிப் படித்தேன்:

"நினைவு என்பது மூளையில் பதிந்த தடம், முற்றுப்புள்ளி. தலையில் அடிபட்டவன் மகனின் பெயரை மறக்கிறான், அரைப்புள்ளி, முதியவள் கணவனின் முகத்தை மறக்கிறாள், முற்றுப்புள்ளி. உடலில் ஒரு துளி குலைந்தாலே இவ்வளவு போகுமானால், காற்புள்ளி, உடல் முழுதும் மண்ணான பின் ஆன்மாவிடம் மிஞ்சுவது என்ன, கேள்விக்குறி. ஆன்மா அழியாது என்றே வைத்துக்கொள்வோம், முற்றுப்புள்ளி. அது யாரையும் அறியாது, முற்றுப்புள்ளி. தன் தாயையும்"

"என்னம்மா நிறுத்திட்டீங்க? 'தாயையும்' வரைக்கும் வந்திருக்கோம்" என்றார் கெர்பிராண்ட்.

"அறியாது, முற்றுப்புள்ளி" என்றேன்.

"சரியா இருக்கு" என்றார்.

பிழை ஒன்றும் இல்லை, தம்பி. அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

லீஸ்பெத் என்னை எப்படி அறிவாள் என்று உனக்குத் தெரியுமா? காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோது என் விரலை மூக்கில் வைத்துப் பார்த்து, "மை வாசனை. நீதான்" என்பாள். மூக்கு இல்லாத ஒன்றுக்கு மை வாசனை எப்படித் தெரியும்? இதை நான் கேட்கவில்லை. உன் ஏழாவது கேட்கிறது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை வைப்பது வழக்கமல்லவா. முதற்பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கும் கெர்பிராண்ட் மறக்காமல் வைத்திருக்கிறார். அடியில், வலது ஓரத்தில், 'பதில்' என்று இருக்கிறது.

வரிசை எனக்கு முக்கியமில்லை. ஏழாவதன் பதிலை முதலில் அனுப்பு. மற்ற பத்துக்கும் அவசரமில்லை.

ஹிஸ்கா


வீர்ட்சம்
1669 மார்ச் 14 (உன் கணக்கில் 24)

அன்புள்ள அக்கா,

கோட்டையை ஏழாவது சுவரிலிருந்து கட்ட முடியாது. முதல் பதில் இரண்டாவதைத் தாங்கும், இரண்டாவது மூன்றாவதைத் தாங்கும். இந்த ஒழுங்கைக் குலைத்தால் எதிரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது பதில் பதினான்கு பக்கம் வந்தது. திரும்பப் படித்தபோது அதில் பன்னிரண்டு பக்கம் ஆட்சேபத்தின் இன்னும் தெளிவான வடிவம் என்று தெரிந்தது. அந்தப் பன்னிரண்டையும் கிழித்துவிட்டேன். மீதி இரண்டு பக்கம் மாகாண ஆளுநருக்குச் சமர்ப்பணம். அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இடையில் எதிர்பாராத தடைகள். கோயில் கூரை ஒழுகுகிறது. தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது ரொம்மர்ட் வேலிக்கு அப்பாலிருந்து, "ஐயா, என்னத்தைத் தேடறீங்க?" என்றார்.

"ஒரு பதிலை."

"கடைசியா எங்க வச்சீங்க?"

வீட்டுக்குள் போய்விட்டேன். பிறகு நெடுநேரம் அதையே யோசித்தேன்.

நீ ஏன் ஏழாவதைக் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனாலேயே அதை அவசரமாகச் செய்ய விரும்பவில்லை. தயவுசெய்து அதைத் திரும்பத் திரும்பப் படிக்காதே. மெய்ப்புப் பார்த்தாகிவிட்டதென்றால் மூடி வைத்துவிடு.

ஹெஸ்ஸல்


லெய்டன்
1669 ஏப்ரல் 24

தம்பி,

சமர்ப்பணம் வந்தது. ஆளுநருக்கு வயது பன்னிரண்டு என்று கெர்பிராண்ட் சொல்கிறார்.

புத்தகம் நன்றாகப் போகிறது. பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வருகிறார்கள். வழக்கம்போலத் தாள்களாகத்தான் விற்கிறேன். "இப்பவே தைச்சுக் கட்டிடாதீங்க, இரண்டாம் பாகம் வரட்டும், சேர்த்துக் கட்டிக்கலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன். போன வாரம் மருத்துவம் படிக்கும் ஒரு பையன் வேறேதோ வாங்க வந்தான். கையில் உன் முதற்பாகம், கன்றுத் தோலில், முதுகில் தங்க எழுத்தோடு.

"ஏம்ப்பா அவசரப்பட்டுட்டே? இரண்டாம் பாகம் வருதே" என்றேன்.

"அது வராதும்மா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கடைசிப் பக்கத்தைத் திறந்து அடியில் இருக்கும் 'பதில்' என்ற சொல்லையும் அதற்கு எதிரே அட்டையின் வெற்றுத் தாளையும் காட்டினான். எழுதியவர் வேண்டுமென்றேதான் அப்படி முடித்திருக்கிறார் என்று அவன் நண்பர்கள் வட்டத்தில் பேச்சாம். நாடகம் எழுதுகிறவர்களுக்குக்கூட இது வராது என்றான்.

ஈஸ்டர் திருவிருந்துக்கு முன் வீடு வீடாக விசாரிக்க எங்கள் சபைப் போதகரும் மூப்பரும் வந்தார்கள். கடையில் உட்கார இடமில்லாமல் காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள்.

"சகோதரி, அண்டை அயலாரோட சமாதானமா இருக்கீங்களா?"

"தெ ஹாஸோட இருக்கேன் ஐயா. எழுத்தை எண்ணித் திருப்பிக் குடுத்துட்டேன்."

"கர்த்தரோட?"

"ஏழாவது ஆட்சேபத்துக்கு என்ன பதில்னு நீங்க சொன்னா இருப்பேன்."

அவர் படித்திருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அதுக்குத்தானே உங்க தம்பி எழுதறாரு" என்றார்.

"ஏழாவது எதுங்க ஐயா?" என்று மூப்பர் கேட்டார்.

"உங்களுக்கு வேண்டாம்" என்றார் போதகர். இருவரும் எழுந்துகொண்டார்கள்.

என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் திருவிருந்துக்கு நான் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நீண்ட மேசையில் உட்காரும்போது, இன்னொரு மேசையில் அவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் அப்பத்தை எடுப்பேன். அதை நினைக்காமல் எடுக்க எனக்குத் தெரியவில்லை.

ஏழாவதன் பதில். நான்கு வரி போதும்.

ஹிஸ்கா


வீர்ட்சம்
1669 மே 30 (ஜூன் 9)

அன்புள்ள அக்கா,

வருடத்தின் இருபத்திரண்டாம் ஞாயிறு இன்று. பிற்பகல் ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டும் என்பது சபை ஒழுங்கு. ஒவ்வொரு வருடமும் இந்த ஞாயிறு வரும். இதுவரை அது வருவதை நான் கவனித்ததில்லை. இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்க மேடையில் ஏறியதும், கர்த்தருக்கு நன்றி, பதில் வந்துவிட்டது. இறங்கியதும் எழுதினேன். பதினொரே வரி. இதோ:

"ஆன்மா மறக்கலாம், ஆனால் அதைப் படைத்தவர் மறப்பதில்லை. நம் தலைமயிரை எண்ணி வைத்திருப்பவர் நம் நினைவுகளையும் எண்ணி வைத்திருக்கிறார். மண்ணிலிருந்து உடலைத் திருப்பித் தர வல்லவர், அந்த உடலோடு அதன் நினைவுகளையும் திருப்பித் தர வல்லவர். ஆகையால் தாய் மகளை அறிவாள், மகள் தாயை அறிவாள்." இதன் பின் வருவது மேற்கோள்கள்.

சபை அமைதியாகக் கேட்டது. ரொம்மர்ட் அழுதார். அவருடைய மனைவி போன வருடம் இறந்துபோனாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போதும் ஐயா" என்றார்.

உனக்கும் இது போதும் என்று நம்புகிறேன். திருவிருந்துக்குப் போ.

ஹெஸ்ஸல்


லெய்டன்
1669 ஜூன் 25

தம்பி,

உன் பதினொரு வரியை அன்றே கோக்கச் சொன்னேன். பதிலை நிமிர்ந்த எழுத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒரே ஒரு தாள் அடித்துக் கதவில் ஒட்டினேன், சறுக்குக் கட்டைகளுக்குக் கீழே. மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். ரொம்மர்ட்டைப்போல நானும் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் உன் புத்தகத்தை நான் உரக்கப் படித்தவள்.

வல்லவர் என்கிறாய். நான்காவது ஆட்சேபம், முப்பத்தொன்பதாம் பக்கம்: "முடியும் என்பதிலிருந்து நடக்கும் என்பது ஒருபோதும் வராது." நீ எழுதியது.

நினைவுகளைத் திருப்பித் தருவார் என்கிறாய். ஒன்பதாவது, எண்பத்தெட்டாம் பக்கம்: "ஒருவனுடைய நினைவுகளைப் புதிதாகச் செய்து ஓர் உடலில் வைத்தால், எழுந்து நிற்பவன் அவனா, அவனைப்போலச் செய்யப்பட்ட வேறொருவனா? இரண்டு உடலில் வைத்தால் இருவரும் அவனா?" இதுவும் நீ எழுதியதே. அப்படியானால் என் மை வாசனை தெரிந்த ஒரு குழந்தையை எனக்குச் செய்து தருவார். நான் கேட்பது லீஸ்பெத்தை.

இதையெல்லாம் கெர்பிராண்டிடம் சொன்னேன். கதவருகே போய் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்தார். "நிமிர்ந்த எழுத்துலதான்மா கோத்தேன். ஆனாலும் சாஞ்சுதான் நிக்குது" என்றார். கோத்திருந்த சட்டத்தைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டோம்.

வியாழக்கிழமைதோறும் கூடிப் பேசும் கனவான்கள் சிலர் கடைக்கு வந்தார்கள். உனக்கு ஒரு பீப்பாய் ரைன் மது அனுப்ப முகவரி கேட்டார்கள். "உங்க தம்பி பெரிய கெட்டிக்காரர்ம்மா. போதகர் அங்கியைப் போட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாரே" என்றார் ஒருவர்.

"அவன் நம்பறவன்" என்றேன்.

எல்லோரும் வெகுநேரம் சிரித்தார்கள். நானும் வேடிக்கைக்காரி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். பதிலைச் சொல்லும்போது உன் பேச்சு இப்படி நொண்டுகிறது. எதிரிகளைச் சொல்லும்போது ஏன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை? யார் அந்த எதிரிகள்? யாருடைய நூல்களிலிருந்து எடுத்தாய்? அவர்களுக்காவது எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன்.

ஹிஸ்கா


வீர்ட்சம்
1669 ஆகஸ்ட் 8 (18)

அக்கா,

எதிரிகள் யாரும் இல்லை.

வீர்ட்சமில் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். ஒரு நாத்திகன்கூட இல்லை. ஒரு குடிகாரன் இருக்கிறான், அவனும் பக்திமான். புதிய தத்துவ நூல்களை வாங்க எனக்கு வசதியும் இல்லை, அனுமதியும் இல்லை. யாரோ எங்கோ இப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன கேட்பார்கள் என்று நானே யோசித்தேன். ஒவ்வொன்றும் ஒரு காலைப் பொழுதில் வந்தது. அவ்வளவு சுலபமாக எதையும் நான் எழுதியதில்லை. எதிரி மிகவும் நேர்மையானவன் என்று வியந்தேன். அவனை எனக்குப் பிடித்திருந்தது.

ஏழாவது வந்தது காலையில் அல்ல. அதை நீ கேட்காமல் இருந்திருக்கலாம். அது வந்தது லெய்டனில், கல்லறையில், உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. "அவளும் உன்னைக் கண்டுக்குவா" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எப்படி என்று உள்ளே ஒருவன் கேட்டான். நீ என் கையை இறுக்கினாய். நான் தலையாட்டினேன். திரும்பி வரும்போது, கரையில் நடந்த குதிரை இழுத்த இழுப்பில் படகு போய்க்கொண்டிருந்தது, இறங்குவதற்குள் அவன் ஏழாவதை முழுவதும் சொல்லி முடித்திருந்தான். மற்ற பத்தும் அதற்குத் துணையாகப் பின்னால் வந்தவை. ஏழாவது மட்டும் தனியாக நின்றால் யாருடையது என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது.

அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்த நூலைத் தொடங்கினேன். சத்தமாக, அச்சில், எல்லோர் முன்னிலும் அவனைக் கேட்க வைத்துவிட்டால், பதில் வந்தே தீரும் என்று நினைத்தேன்.

போதகர் கூட்டம் அக்டோபர் வரை அவகாசம் தந்திருக்கிறது. இரண்டாம் பாகம் வராவிட்டால் விசாரணை. ஏதாவது எழுதி அனுப்ப என்னால் முடியும். எழுபது பக்கம் எழுதலாம், மேற்கோள் நிறையப் போடலாம், கூட்டம் திருப்தியடையும். நீ மெய்ப்புப் பார்ப்பாய் என்பதுதான் இடிக்கிறது.

ஹெஸ்ஸல்


லெய்டன்
1669 செப்டம்பர் 1

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். மறுநாள் திறந்தேன்.

எழுபது பக்கம் வேண்டாம். நிரூபணம் வேண்டாம். சாய்ந்ததும் வேண்டாம், நிமிர்ந்ததும் வேண்டாம். அச்சிடவும் மாட்டேன், யாரிடமும் காட்டவும் மாட்டேன். அன்று கல்லறையில் சொன்ன அதே இரண்டு வாக்கியத்தை உன் கையால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பு. காரணம் ஏதும் சேர்க்காதே. உனக்குள் இருப்பவன் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும், நீ நம்புகிறாய் என்றால் எனக்குப் போதும். காரணம் இல்லாமல் நம்புகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால், அவன் பின்னால் நானும் நின்றுகொள்வேன்.

நம்பாவிட்டால் எழுதாதே.

போதகர் மறுபடி வந்தார். அடுத்த திருவிருந்துக்கும் வராவிட்டால் கண்டனமாகப் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டியிருக்கும் என்று வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். போகும்போது கதவருகே நின்று, "இரண்டாம் பாகம் எப்போ வருது?" என்று கேட்டார். எனக்காகக் கேட்கவில்லை என்று தோன்றியது.

ஹிஸ்கா


வீர்ட்சம்
1669 அக்டோபர் 17 (27)

அக்கா,

விசாரணை முடிந்தது. பதினாறு போதகர்கள், ஆட்டிறைச்சி விருந்து. உனக்குள் விசுவாசம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நூல் ஏன் தாமதம் என்று மட்டும் கேட்டார்கள். எழுத வரவில்லை என்றேன். எழுத வராதவன் எழுதக்கூடாது என்று தீர்மானித்து, இனி நூல் எழுதத் தடை விதித்தார்கள். பிரசங்கம் தொடரலாம். என் பிரசங்கங்களால் சபை ஆறுதலடைகிறது என்று ரொம்மர்ட் சாட்சி சொன்னார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம்.

நீ கேட்ட துண்டுத் தாள். செப்டம்பரிலிருந்து தினமும் காலையில் எழுதுகிறேன். இரண்டே வாக்கியம், எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. எழுதியபின் அது என் கையெழுத்தாக இருக்கிறது. என் கையெழுத்து வலப்பக்கம் சாய்கிறது, அக்கா. முப்பத்துமூன்று வருடத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. நிமிர்த்தி எழுதிப் பார்த்தேன். அது வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

இந்தக் கடிதத்துடன் வேறு எதுவும் இணைக்கப்படவில்லை.

அடுத்த வருடம் இருபத்திரண்டாம் ஞாயிறு மே 29 அன்று வருகிறது.

ஹெஸ்ஸல்


லெய்டன்
1670 ஜனவரி 20

தம்பி,

திரும்பப் பெறுவதற்குப் பிரதிகள் இல்லை. நவம்பரிலேயே தீர்ந்துவிட்டன.

என் பெயரை இரண்டு ஞாயிறு சபையில் வாசித்தார்கள். கெர்பிராண்ட் போய்க் கேட்டுவிட்டு வந்து, "சரியாத்தான்மா வாசிச்சாங்க, ஒரு எழுத்து விடலை" என்றார்.

கால்வாய் இந்த வருடமும் உறைந்துவிட்டது. சறுக்குக் கட்டைகளைக் கெர்பிராண்டின் பேத்திக்குக் கொடுத்தேன். கால் அளவு சரியாக இருக்கிறது. கதவில் ஆணி மட்டும் இருந்தது, அங்கியை மாட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

மாணவர்கள் தினமும் வந்து கேட்பதால் புத்தகத்தை இரண்டாம் முறை அச்சிடுகிறேன். இதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை, உனக்குத் தடை இருப்பதால் தராமல் இருப்பதே நல்லது. முகப்பிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். 'முதற்பாகம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த சொல்லைக் கெர்பிராண்ட் தானாகவே எடுத்துவிட்டார்.

தெ ஹாஸிடம் இப்போது ஒரு ஜெப நூல் வேலை நடக்கிறது, அதனால் சாய்ந்த எழுத்தை இந்த முறை இரவல் தர முடியவில்லை. எல்லாவற்றையும் நிமிர்ந்த எழுத்திலேயே கோத்திருக்கிறோம்.

ஹிஸ்கா